ஆபீஸ் அங்கிள் வீட்டில் ஃபோன் அடித்தால்

சிட்னி மாநகரில் காலையில் தன் வீட்டிலிருந்து புறப்பட்டு, தன் வீட்டுக்கே வேலைக்குப் போய், மாலையில் களைத்துப்போய்த் தன் வீட்டுக்கே திரும்பி வந்த ஒரே மனிதர் ஆபீஸ் அங்கிள்தான். எந்தக் கோர்ட்டில் கேட்டாலும் சத்தியம் பண்ணிச் சொல்வேன். அந்தப் பயணத்தை இரண்டு வருடம் என் அறை ஜன்னல் வழியாகத் தினமும் பார்த்திருக்கிறேன். பார்த்துப் பார்த்துப் பயந்தும் இருக்கிறேன்.

மேய்ஸ் ஹில் முருகன் கோயிலுக்கு இரண்டு தெரு தள்ளி அவர் வீடு. முன்னறையில் நான் வாடகைக்கு இருந்தேன். அங்கிளும் அன்ரியும் யாழ்ப்பாணத்துக்காரர்கள், நான் திருச்சிக்காரன். இரண்டாயிரத்து மூன்றில் ஒரு நாள் என் கம்பெனி பாரமட்டாவில் வைத்திருந்த மாடியைக் காலி செய்துவிட்டு, "இனி எல்லோரும் வீட்டிலிருந்தே வேலை பாருங்கள்" என்று ஆளுக்கொரு கம்ப்யூட்டரைக் கையில் கொடுத்து அனுப்பிவிட்டது. எனக்கு ஒரே கொண்டாட்டம். லுங்கியோடு கட்டிலில் படுத்தபடி, வயிற்றின் மேல் கீபோர்டை வைத்துக்கொண்டு வேலை பார்ப்பதாகத் திட்டம் போட்டிருந்தேன். ஆனால் அந்த வீட்டுக்குள் எனக்கு முன்பே ஒரு ஆபீஸ் நடந்துகொண்டிருந்தது.

அங்கிள் தொலைபேசி வழி மொழிபெயர்ப்பாளர். ஆங்கிலம் தெரியாத தமிழ் சனம் ஆஸ்பத்திரியிலோ போலீஸ் நிலையத்திலோ மாட்டிக்கொண்டு முழிக்கும்போது, அங்கிருப்பவர்கள் ஒரு ஏஜென்சிக்கு ஃபோன் போடுவார்கள். ஏஜென்சி அங்கிளுக்குக் கொடுக்கும். இவர் நடுவில் இருந்து இந்தப் பக்கத்துத் தமிழை அந்தப் பக்கத்து ஆங்கிலமாக்குவார். பகல் நேரத்தில் தமிழுக்கு எடுக்கக்கூடிய ஆட்கள் அந்தக் காலத்தில் ஒரு கை விரலுக்குள் அடங்கிவிடுவார்கள். ஃபோன் மூன்றாவது முறை மணி அடித்து முடிவதற்குள் எடுக்காவிட்டால் அழைப்பு அடுத்த ஆளுக்குப் போய்விடும். அடுத்த ஆளும் எடுக்காவிட்டால் மறுமுனையில் இருப்பவர் முழித்துக்கொண்டே நிற்க வேண்டியதுதான்.

காலை எட்டே முக்காலுக்கு அங்கிள் முழுக்கைச் சட்டை, டை, பாலிஷ் போட்ட ஷூ சகிதம், சாப்பாட்டுப் பெட்டியோடு முன்வாசலுக்கு வருவார். "இஞ்சேர், போட்டு வாறன்" என்பார். புருஷனும் பெண்டாட்டியும் 'இஞ்சேர்', 'இஞ்சேருங்கோ' என்றுதான் ஒருவரையொருவர் கூப்பிட்டுக்கொள்வார்கள். அன்ரி குசினியிலிருந்து, அதாவது சமையலறையிலிருந்து, "ஓம், கவனமாப் போட்டு வாங்கோ" என்பார். இவர் கேட்டைத் திறந்து தெருவில் இறங்கி, பக்கத்து வீட்டு வேலி வரை நடந்து, திரும்பி வந்து, வீட்டின் பக்கவாட்டுச் சந்து வழியாகப் பின்பக்கம் போய், பின்னறைக் கதவைச் சாவி போட்டுத் திறந்து உள்ளே நுழைவார். வீட்டுக்கும் பின்னறைக்கும் நடுவே நல்ல கதவு ஒன்று இருந்தது. அதன் குறுக்கே ஒரு அலுமாரியை இழுத்துப் போட்டு அடைத்துவிட்டார்.

"ஏன் அங்கிள், உள்ளுக்குள்ளேயே நாலு எட்டுல போயிடலாமே?" என்று நான் வந்த புதிதில் கேட்டேன்.

"தம்பி, நாலு எட்டில போனா நாலு எட்டில திரும்பியும் வரலாம். பிறகு ஒரு தேத்தண்ணி, ஒரு கண்ணயர்வு, ரீவியில ஒரு நாடகம். மனுசன் வீட்டிலை இருந்து கெட்டுப்போறது அப்பிடித்தான். விளங்குதே?"

விளங்கியது.

உள்ளே ஒரு பதிவேடு வைத்திருந்தார். வந்த நேரம், போன நேரம் எழுதித் தனக்குத்தானே கையெழுத்துப் போடுவார். ஒருமுறை நல்ல காய்ச்சல். விடுப்பு விண்ணப்பம் எழுதி மேசையின் இந்தப் பக்கம் வைத்தார். பிறகு அந்தப் பக்கம் போய் உட்கார்ந்து அதை வாசித்துவிட்டு, முன்கூட்டியே அறிவிக்கவில்லை என்று நிராகரித்துவிட்டார். காய்ச்சலோடுதான் அன்று வேலை பார்த்தார். இதை அன்ரி என்னிடம் சொன்னபோது சிரித்துக்கொண்டா சொன்னார், அழுதுகொண்டா சொன்னார் என்று எனக்கு இன்றுவரை நிச்சயமாகத் தெரியாது.

மதியம் பன்னிரண்டரைக்குப் பின்னறையிலிருந்து வெளியே வந்து, துணி காயப்போடும் கம்பிக்குக் கீழே பெஞ்சில் உட்கார்ந்து சாப்பிடுவார். குசினி ஜன்னலில் அன்ரி பாத்திரம் கழுவிக்கொண்டிருப்பார். இருவருக்கும் நடுவே ஐந்தடி கூட இருக்காது. ஆனாலும் பேசமாட்டார்கள். வேலை நேரத்தில் வீட்டுக் கதை கூடாது என்பது சட்டம். அவசரமாக ஏதாவது சொல்ல வேண்டுமென்றால் அன்ரி ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதிச் சாப்பாட்டுப் பெட்டிக்குள் வைத்துவிடுவார். "உங்கடை தங்கச்சிக்குப் பேரப்பிள்ளை பிறந்திருக்கு" என்ற செய்தியே இடியப்பத்துக்கு மேல் உட்கார்ந்துதான் போய்ச் சேர்ந்தது. அங்கிள் அதை வாசித்து, மடித்துப் பையில் வைத்து, ஐந்து மணிக்குக் கேட்டைத் திறந்து வீட்டுக்கு வந்த பிறகுதான் சந்தோஷப்பட்டார்.

என்னை அவர் பக்கத்துக் கம்பெனியாக ஏற்றுக்கொண்டார். காலையில் சந்தில் என்னைப் பார்த்தால் ரயில் நிலையத்தில் பார்த்த ஆள் போலத் தலையை அசைத்து "குட் மோர்னிங்" என்பார். லுங்கியோடு குப்பை கொட்டப் போன என்னை அவர் பார்த்த பார்வை இருக்கிறதே, அதற்குப் பிறகு நான் ஒன்பது மணிக்கு முன்னால் பேன்ட் போடாமல் இருந்ததே இல்லை. என் சொந்த மேலாளர் என்னை ஒரு நாளும் அப்படி மிரட்டியதில்லை.

இதெல்லாம் வேடிக்கை என்று நினைத்துக்கொண்டிருந்தேன், அந்த வீட்டில் ஃபோன் அடிப்பதை முதல் முறை கேட்கும் வரை.

பின்னறையில் மணி அடித்த அந்த விநாடியில் வீடு உறைந்துபோகும். அன்ரி தேங்காய் துருவிக்கொண்டிருந்தால் துருவுவது நின்றுவிடும். குழாய் நிற்கும். ரேடியோ நிற்கும். நான் பல் விளக்கிக்கொண்டிருந்தால் வாய் நிறைய நுரையோடு துப்ப முடியாமல் நிற்பேன். அங்கிள் பேசி முடித்து ஃபோனை வைக்கும் சத்தம் கேட்கும் வரை இதே கதிதான். ஒரு குடியுரிமை விசாரணைக்கு நாற்பது நிமிடம் நின்றிருக்கிறேன். அந்த நுரையில் பாதி வயிற்றுக்குள் போய்விட்டது.

காரணம் ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டியிருந்தது. ஏஜென்சியிலிருந்து வந்த கடிதம். முதல் புகார், ஒரு இருதய டாக்டர் நோயாளியிடம் மெதுவாக ஒரு கெட்ட செய்தியைச் சொல்லிக்கொண்டிருந்தபோது, மொழிபெயர்ப்பாளர் பக்கத்திலிருந்து மூன்று விசில் கேட்டது. அன்ரியின் பருப்பு. அன்றிலிருந்து பகலில் குக்கருக்குத் தடை. இரண்டாவது புகார், ஒரு மணி நேரம் மொழிபெயர்ப்பாளரின் லைன் கிடைக்கவேயில்லை. அது நான். சுவரில் இருந்த இரண்டு ஃபோன் துளைகளில் தவறான துளையில் என் மோடத்தைச் செருகி இன்டர்நெட்டில் மேய்ந்துகொண்டிருந்தேன். மூன்றாவது புகார் வந்தால் பட்டியலிலிருந்து பெயர் எடுக்கப்படும் என்று கடிதத்தின் கடைசி வரி சொன்னது. அன்ரி ஆங்கிலம் வாசிக்கமாட்டார். ஆனாலும் அந்தக் கடிதம் ஒட்டிய நாளிலிருந்து ஃபிரிட்ஜைத் திறக்கும்போதுகூட மெதுவாகத்தான் திறந்தார்.

மோடம் விஷயத்தில் அங்கிள் என்னைத் திட்டவில்லை. சந்தில் நிறுத்திவைத்து, தரையைப் பார்த்துக்கொண்டு பேசினார்.

"தம்பி, நான் வேலை செய்த ஃபாக்டரியைப் பூட்டேக்குள்ள எனக்கு அம்பத்தாறு வயசு. ஒண்டரை வருசம் ஒருத்தரும் வேலை தரேல்லை. வீட்டிலை ஒரு கதிரையிலை, உங்கடை லுங்கி மாதிரிச் சாரத்தோட இருந்தனான். கண்ணாடியைப் பார்க்க வெக்கமாயிருந்தது. இந்த வேலையும் போனா நான் திரும்ப அந்தக் கதிரையிலை போய் இருக்கவேணும்." பின்னறை ஃபோன் பக்கம் கையைக் காட்டினார். "அதோட, அங்கால ஒரு சனம் பயந்துபோய் நிக்கும். நான் எடுக்காட்டி அது ஆரோட கதைக்கும்?"

அன்று எனக்கும் அந்தப் பயம் தொற்றிக்கொண்டது. அதன் பிறகு பல் விளக்குவதையே எட்டரைக்கு முன்னால் முடித்துக்கொண்டேன்.

அன்ரியின் பெரிய எதிரி குசினிக் கூரையில் இருந்த புகை அலாரம். வெள்ளைக்காரன் கறி தாளிப்பதை மனதில் வைத்து அதைச் செய்யவில்லை. காய்ந்த செத்தல் மிளகாய் எண்ணெயில் விழுந்தால் போதும், தெருவே தீப்பிடித்தது போல அலறும். அதனால் தினமும் பத்து மணிக்கு, சமையலுக்கு முன்னால், அன்ரி ஒரு கதிரையைப் போட்டு ஏறி அதன் பேட்டரியைக் கழற்றுவார். ஐந்து மணிக்கு மறுபடி ஏறிப் போடுவார். நான் கழற்றித் தருகிறேன் என்றால், "உங்களுக்கும் ஆபீஸ் நேரம் எல்லே, தம்பி" என்று மறுத்துவிடுவார்.

ஒரு செவ்வாய்க்கிழமை, அன்ரி கதிரை மேல் நின்று இரண்டு கைகளையும் தலைக்கு மேலே தூக்கியிருந்த நேரம், பின்னறையில் மணி அடித்தது. பழக்க தோஷம், அன்ரி அப்படியே உறைந்தார். இறங்கலாம்தான். ஆனால் அந்தக் கதிரை இறங்கும்போது கிரீச்சிடும். தூக்கிய கையோடு நின்றார், நின்றார், கை மரத்துப்போகும் வரை நின்றார். பிறகு தலை சுற்றி விழுந்தார்.

நான் தண்ணீர் எடுக்கக் குசினிக்குப் போனபோது அன்ரி துவைக்கப் போட்டிருந்த துணிக் குவியலுக்குப் பக்கத்தில் தரையில் கிடந்தார். அதன் மேல் விழுந்ததால் சத்தமே கேட்கவில்லை. வலது மணிக்கட்டு மணிக்கட்டு மாதிரியே இல்லை. முகம் முழுக்க வியர்வை. முந்தானையைச் சுருட்டி வாயில் கடித்துக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும் இடது கை விரலை உதட்டில் வைத்து, பின்னறைப் பக்கம் கண்ணைக் காட்டினார். அங்கே அங்கிளின் குரல் யாருடைய சிறுநீரகத்தைப் பற்றியோ நிதானமாகப் பேசிக்கொண்டிருந்தது.

"அன்ரி! எவ்வளவு நேரமா இப்படிக் கிடக்குறீங்க? நான் போய் அங்கிளைக் கூப்பிடுறேன்" என்று கிசுகிசுத்தேன்.

"வேண்டாம் தம்பி... லைனிலை நிக்கிறார். கதவைத் தட்டாதேங்கோ. மூண்டாவது புகார் வந்திடும்."

அந்த நேரத்தில் கதவை உடைத்திருக்க வேண்டும். ஆனால் என்னையும் அந்த வீடு பழக்கி வைத்திருந்தது. "ஆஸ்பத்திரிக்குப் போகிறோம்" என்று ஒரு காகிதத்தில் எழுதிக் குசினி மேசையில் வைத்துவிட்டு, சத்தம் வராமல் கதவைச் சாத்தி, அன்ரியை என் காரில் ஏற்றினேன். ஐந்து மணிக்கு முன்னால் அங்கிள் குசினிக்குள் காலே வைக்கமாட்டார் என்பது பாதி வழியில்தான் நினைவுக்கு வந்தது.

ஆஸ்பத்திரியில் ஒரு நர்ஸம்மா. நல்ல மனுஷி. அன்ரிக்குக் கடைக்குப் போய்வரும் அளவுக்கு ஆங்கிலம் தெரியும், ஆனால் வலியில் அதெல்லாம் பறந்துவிட்டது. எதைக் கேட்டாலும் தலையை ஆட்டினார். அந்த ஆட்டலில் ஆமாம் எது, இல்லை எது என்று நர்ஸுக்குப் பிடிபடவில்லை. நான் சொல்கிறேன் என்றேன். தெரிந்தவர்கள் மொழிபெயர்க்கக் கூடாது, விதி இருக்கிறது என்று சொல்லிவிட்டு நர்ஸ் ஸ்பீக்கர் ஃபோனைப் பக்கத்தில் இழுத்து ஒரு எண்ணை அழுத்தினார்.

பகலில் தமிழுக்கு ஏஜென்சி யாரைக் கொடுக்கும் என்று எங்களுக்குத் தெரியும். அன்ரியும் நானும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். இரண்டாவது மணியில் எடுத்துவிட்டார்கள்.

"வணக்கம். நான் தமிழ் மொழிபெயர்ப்பாளர். நீங்கள் சொல்லுற எல்லாத்தையும் நான் அப்பிடியே ஆங்கிலத்தில சொல்லுவன். ஒண்டையும் கூட்டவும் மாட்டன், குறைக்கவும் மாட்டன்."

அன்ரி கண்ணை மூடிக்கொண்டார். வீட்டு ஆளுக்கு மொழிபெயர்ப்பது பெரிய தப்பு, அது மூன்றாவது புகாருக்கும் மேலே என்று அவருக்குத் தெரியும். அங்கிள் ஃபோனை வைத்துவிட்டால் வேறு ஆள் கிடைக்க எவ்வளவு நேரம் ஆகுமோ, அதுவும் தெரியும். எப்படி விழுந்தீர்கள் என்று நர்ஸ் கேட்டார். அங்கிள் அதைத் தமிழில் கேட்டார். அன்ரி மூச்சை இழுத்துக்கொண்டு, மெல்லிய ஒரு புதுக் குரலில், தமிழ்நாட்டுக்காரர்கள் நாங்கள் பேசுகிற தமிழில் ஆரம்பித்தார்.

"வந்துங்க... சேர் மேல ஏறினேங்க. கீழ விழுந்துட்டேங்க."

சாயங்கால சீரியல்களில் படித்த தமிழ். எனக்கு அந்த நிலையிலும் சிரிப்பு வந்துவிட்டது. அங்கிள் கொஞ்சமும் சந்தேகப்படாமல், "நான் நாற்காலியில் ஏறிக் கீழே விழுந்துவிட்டேன்" என்று சுத்தமான ஆங்கிலத்தில் சொன்னார். மொழிபெயர்ப்பாளர்கள் அப்படித்தான். நோயாளி 'நான்' என்று சொன்னால் அவர்களும் 'நான்' என்றுதான் சொல்ல வேண்டும்.

இரண்டு கேள்வி இப்படி ஓடியது. மூன்றாவதாக நர்ஸ் மணிக்கட்டைத் தொட்டுப் பார்த்தார். அன்ரி அலறிவிட்டார்.

"ஐயோ அம்மா! இஞ்சேருங்கோ!"

மொழிபெயர்ப்பாளரே, லைனில் இருக்கிறீர்களா, என்ன சொன்னார் என்று நர்ஸ் கேட்டார்.

"அவர்... தன் கணவரைக் கூப்பிடுகிறார்" என்று ஆங்கிலத்தில் பதில் வந்தது. குரல் பழைய குரலாக இல்லை.

கணவர் எங்கே என்று நர்ஸ் கேட்டார். அன்ரி இனி நடிக்கவில்லை. "வேலையிலை நிக்கிறார். குழப்பக் கூடாது."

"அவர் வேலையில் இருக்கிறார். அவருக்குத் தொந்தரவு கொடுக்கக் கூடாது" என்றது ஃபோன்.

எவ்வளவு நேரம் தரையில் கிடந்தீர்கள், ஏன் யாரையும் கூப்பிடவில்லை?

"இருவது நிமிசம் இருக்கும். அவருக்கு ஃபோன் வந்திருந்தது. நான் சத்தம் போட்டா அவரின்ரை வேலை போயிடும்."

அதையும் அங்கிள் சொன்னார். 'நான் சத்தம் போட்டால் என் கணவருடைய வேலை போய்விடும்' என்று, அன்ரியாக இருந்து, ஒவ்வொரு சொல்லாக ஆங்கிலத்தில் சொன்னார். ஒன்றையும் கூட்டவில்லை, குறைக்கவுமில்லை.

நர்ஸ் பேனாவைக் கீழே வைத்தார். என்னை ஒரு மாதிரி பார்த்து, திரைக்கு வெளியே போய் நிற்கச் சொன்னார். போய் நின்றேன். துணித் திரை எதையும் மறைக்கவில்லை, எல்லாமே கேட்டது. நர்ஸ் குரலைத் தாழ்த்தி, இதை எல்லாப் பெண்களிடமும் கேட்பது எங்கள் வழக்கம், வீட்டில் யாருக்காவது நீங்கள் பயப்படுகிறீர்களா என்று கேட்டார்.

அந்தக் கேள்வியை இனி அங்கிள் தமிழில் கேட்க வேண்டும்.

"வீட்டிலை..." என்றார். இருமினார். "வீட்டிலை நீங்கள் ஆருக்கும் பயப்படுறீங்களோ?"

"ஆருக்கும் இல்லை" என்றார் அன்ரி. "அந்த ஃபோனுக்குத்தான் பயம். அவருக்கும் அதுக்குத்தான் பயம். பாவம் மனுசன்."

நர்ஸ் இரண்டு முறை கூப்பிட்டார். மூன்றாவது முறை அங்கிள் ஆங்கிலத்தில் பேசினார். "சிஸ்டர், இப்போது பேசுவது மொழிபெயர்ப்பாளர். இந்தப் பெண் என் மனைவி. இதை நான் முன்பே சொல்லியிருக்க வேண்டும். பயத்தில் சொல்லவில்லை. என்னைப் பற்றி நீங்கள் புகார் கொடுக்கலாம். இனி நான் தொடரக் கூடாது. போகும் முன் அவரிடம் ஒன்றே ஒன்று கேட்க அனுமதி வேண்டும்."

நர்ஸ் கேளுங்கள் என்றார்.

"இஞ்சேர்... கனக்க நோகுதே?"

அன்ரி ஓவென்று அழத் தொடங்கினார். அழுகைக்கு நடுவே, "நோகுதுதான். நீங்கள் முதல்லை ஃபோனை வையுங்கோ. வேறை சனம் உங்களுக்கு அடிச்சுப் பார்ப்பினம்" என்றார்.

"பார்க்கட்டும்" என்றார் அங்கிள்.

அரை மணி நேரத்தில் டாக்ஸியில் வந்து இறங்கினார். டை ஒரு தோளில் கிடந்தது. பதிவேட்டில் கையெழுத்துப் போட்டுவிட்டு வந்தீர்களா என்று கேட்கலாமா என நினைத்தேன். அதற்குள் அவர் என்னைத் தாண்டி அன்ரியிடம் போய்விட்டார்.

நர்ஸ் புகார் கொடுக்கவில்லை. அங்கிளே தன் மேல் ஒன்று எழுதி ஏஜென்சிக்கு அனுப்பினார், இரண்டு பக்கத்துக்கு. அதன் பிறகு ஃபோன் அடிக்கவில்லை. எட்டு நாள். மணி அடித்தால் பயந்த வீடு, அடிக்காததற்குப் பயந்து செத்தது. அங்கிள் தினமும் டை கட்டிக்கொண்டு பின்னறைக்குப் போய், பேசாத ஃபோனுக்கு முன்னால் ஐந்து மணி வரை உட்கார்ந்திருந்தார். சந்தில் பார்த்தால் "குட் மோர்னிங்" மட்டும் வரும், முகத்தில் ஒன்றும் இருக்காது. அந்தப் பழைய கதிரைக்குத் திரும்பிப் போய்விடுவாரோ என்று நான் நிஜமாகவே பயந்தேன். அன்ரி கோயிலுக்கு நேர்ந்துகொண்டார். நானும் யாருக்கும் தெரியாமல் நேர்ந்துகொண்டேன்.

ஒன்பதாம் நாள் காலை பத்தரைக்கு அங்கிள் குசினியில் நின்றார். அன்ரியின் கையில் மாவுக்கட்டு, யாராவது சமைத்தாக வேண்டும். டைக்கு மேலே ஏப்ரன் கட்டிக்கொண்டு கத்தரிக்காயோடு மல்லுக்கு நின்றுகொண்டிருந்தார். அப்போது பின்னறையில் மணி அடித்தது.

யாரும் உறையவில்லை. "அடிக்குது! அடிக்குது! ஓடுங்கோ!" என்று அன்ரி கத்தினார். அந்த வீட்டில் அவ்வளவு பெரிய குரலை நான் கேட்டதே இல்லை. அங்கிள் அகப்பையோடு முன்வாசல் வழியாக ஓடி, சந்தில் என் மேல் மோதி, மூன்றாவது மணி அடித்து முடிவதற்குள் எடுத்துவிட்டார். ஏஜென்சிதான் கூப்பிட்டது. கடைசி எச்சரிக்கையோடு பெயரைப் பட்டியலில் விட்டு வைத்திருக்கிறார்களாம். வீட்டு ஆள் என்றால் முதல் மூச்சிலேயே சொல்லிவிட வேண்டுமாம்.

அடுப்பில் கத்தரிக்காய் அடிப்பிடித்துக் கருகிவிட்டது. உப்பும் போடவில்லை. அங்கிள் மதியம் எங்கள் இருவருக்கும் பரிமாறிவிட்டு, என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"எப்பிடித் தம்பி இருக்கு?"

தட்டை நீட்டி, "இன்னும் கொஞ்சம் போடுங்க அங்கிள்" என்றேன்.